நான் அடிக்காத மருந்து

முதலில் நாற்றத்தைத்தான் சொல்ல வேண்டும். மாட்டு மூத்திரத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் ஊறிய வேப்பிலையும் நொச்சியும் எருக்கும் ஆடாதொடையும் ஒன்றாக அழுகி, டிரம்மின் வாயில் கட்டிய துணியை அவிழ்த்ததும் மூக்கில் ஏறித் தொண்டைக்குள் இறங்கி, கை கால் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தால் சோற்றிலும் வந்து உட்கார்ந்துகொள்ளும் நாற்றம் அது. எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்த அந்தத் தை, மாசி இரண்டு மாதமும் எங்கள் வீட்டுக் கொல்லையில் அதுதான் குடியிருந்தது. அந்த நாற்றத்துக்குப் பயந்து நான் செய்த ஒரு காரியத்தை இருபத்தைந்து வருடங்களுக்கும் மேலாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

எரியோட்டிலிருந்து மண் சாலையில் உள்ளே தள்ளி எங்கள் ஊர். கிணற்றுப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர் செம்மண் தோட்டம். கத்தரி, வெண்டை, தக்காளி என்று மாற்றி மாற்றிப் போட்டு, மூட்டை கட்டி ஒட்டன்சத்திரம் சந்தைக்கு வேனில் ஏற்றிவிடுவார் அப்பா. எங்கள் பக்கம் பூச்சிக்குத் தெளிப்பது எதுவானாலும் அதற்கு "மருந்து" என்றுதான் பெயர். "மருந்து அடிச்சாச்சா?" என்று வரப்பில் போகிறவர்கள் கேட்டுக்கொள்வதைக் கேட்டால், வீட்டில் யாரோ உடம்புக்கு முடியாமல் கிடக்கிறார்கள் என்று வெளியூர்க்காரர் நினைத்துக்கொள்வார்.

முந்தின ஆடியில் நடந்ததிலிருந்து தொடங்கினால்தான் அம்மா ஏன் அந்த டிரம்மைக் கொண்டுவந்து வைத்தாள் என்பது விளங்கும். ஆடிக் காற்று எங்கள் சமவெளியில் ஆளையே தள்ளிக்கொண்டு போகும். அன்றைக்குக் காலையில் அப்பா வெறும் வயிற்றோடு, சட்டைகூடப் போடாமல், முதுகில் டேங்கை மாட்டிக்கொண்டு தக்காளிக்கு மருந்து அடிக்கப் போனார். கடும் விஷம் என்பதற்கு அடையாளமாகப் பாட்டிலில் சிவப்பு முக்கோணம் போட்ட மருந்து. அதைக் கையாலேயே கலக்கிவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொள்வது அவர் வழக்கம். பாதித் தோட்டம் போனபோது காற்று திசை மாறி எல்லாம் அவர் மேலேயே திரும்பி வந்திருக்கிறது. அம்மா கஞ்சி கொண்டு போனவள் வரப்பில் அவர் குப்புறக் கிடப்பதைத்தான் பார்த்தாள். வாயெல்லாம் எச்சில், உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றியது போல வேர்வை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வண்டியில் நடுவில் உட்கார வைத்துக் கட்டிப் பிடித்துக்கொண்டு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நான்காம் நாள் திரும்பி வந்தவர், "வெறும் வயித்துல போனது தப்பு. வேற ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே டேங்கை எடுத்து மாட்டினார். அம்மா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு அவள் முகத்தில் இருந்தது பயம்தான் என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கோபம் என்று நினைத்தேன்.

அம்மாவின் பெயர் பஞ்சவர்ணம். ஐந்தாவதோடு நின்றவள். அதிகம் பேச மாட்டாள், ஆனால் ஒன்றை மனதில் போட்டுவிட்டால் விட மாட்டாள். அவள் சேர்ந்திருந்த பெண்கள் குழுவில் ஒருநாள் டவுனிலிருந்து ஓர் அம்மா வந்து, வீட்டிலேயே பூச்சிக்கு மருந்து தயாரிப்பதைச் செய்து காட்டியிருக்கிறார். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டு வந்தார்கள். அம்மா மட்டும் வந்தவுடன் என் நோட்டில் ஒரு தாளைக் கிழிக்கச் சொல்லி, மறந்துவிடுவதற்குள் எழுதிக்கொள் என்றாள். ஆடு தின்னாத இலை, ஒடித்தால் பால் வடியும் இலை, வாயில் வைத்தால் கசக்கும் இலை. இப்படி நாலைந்து வகை. எல்லாவற்றையும் நறுக்கி, இடித்து, மாட்டு மூத்திரத்தில் ஊறப்போட வேண்டும். காலையும் மாலையும் குச்சியால் கலக்கிவிட வேண்டும். கடைசியில் வடிகட்டி, இலையில் ஒட்டுவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து அடிக்க வேண்டும். இதற்கு அந்த அம்மா என்னவோ ஒரு பெயர் சொன்னாராம். எங்கள் வீட்டில் அது "கரைசல்" என்றே ஆகிவிட்டது.

அப்பாவிடம் அம்மா இதைச் சொன்ன சாயங்காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நாற்று நட்டு இருபது நாள் ஆன கத்தரித் தோட்டத்தைப் பார்த்தபடி இருவரும் கிணற்று மேட்டில் நின்றார்கள்.

"கிணத்தோரம் இருக்குற நாலு பாத்திய எனக்கு விட்டுருங்க. அதுல உங்க மருந்து ஒரு சொட்டுப் படக் கூடாது."

அப்பா சிரித்தார். "நாலு பாத்தியும் புழுவுக்கு நேந்து விடுறியாக்கும்?"

"கேட்டுச்சுன்னா?"

பூச்சி மருந்துக்கு அடங்குவதை எங்கள் ஊரில் "கேக்குது" என்பார்கள். அப்பா பீடியை ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத் தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "கேட்டுச்சுன்னா அடுத்த வெள்ளாமைக்குப் பூராத் தோட்டத்துக்கும் உன் மருந்துதேன். நான் டேங்கத் தொடல. போதுமா?"

அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்த நான்கு நாள் அவருக்கும் உள்ளுக்குள் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். தானாக விட முடியாத ஒன்றை யாராவது பிடுங்கிக்கொண்டால் நல்லது என்று சில மனிதர்கள் காத்திருப்பார்கள். அப்பா அப்படிக் காத்திருந்தார் போலும்.

அன்றிலிருந்து வீடே ஒரு தொழிற்சாலை ஆனது. எனக்குக் கிடைத்த வேலை விடியற்காலையில் எழுந்து எங்கள் பசுவின் பின்னால் ஒரு பழைய ஈயச் சட்டியோடு நிற்பது. பசு எப்போது பெய்யும் என்று யாருக்குத் தெரியும்? நான் நிற்கும் வரை பெய்யாது. செத்த நேரம் திரும்பினால் போதும், சளசளவென்று ஊற்றிவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும். நொச்சி ஒடிக்க ஓடைக்கரைக்குப் போனோம். எருக்கை ஒடித்த கையால் கண்ணைத் தொட்டுவிடாதே என்று அம்மா நூறு தரம் சொன்னாள். உரலில் இடிக்கும்போது தெறித்த பச்சைச் சாறு அவள் முழங்கைவரை கறையாகப் படிந்து, தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தாலும் போகாமல் ஒரு வாரம் இருந்தது. பூச்சிக்காரி என்று குழுப் பெண்கள் அவளைக் கேலி செய்தார்கள். ஆனால் அவர்களில் மூன்று பேர், "உனக்குக் கேட்டுச்சுன்னா சொல்லு பஞ்சவர்ணம், நாங்களும் போடுறோம்" என்று வந்து சொல்லிவிட்டும் போனார்கள். ஆக, அந்த நாலு பாத்தியை எங்கள் வீடு மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

முதல் இரண்டு முறை அம்மாதான் அடித்தாள். முதுகில் மாட்டும் பெரிய டேங்க் வேண்டாம் என்று, குழுவில் இருந்த சின்னக் கைப்பம்பை வாங்கி வந்திருந்தாள். தோளில் மாட்டிக்கொண்டு ஒரு கையால் அழுத்தினால் போதும். வெயில் தாழ்ந்த பிறகு, ஒவ்வொரு செடியாகக் குனிந்து, இலையைத் திருப்பிப் பிடித்து அடிப்பாள். இலைகள் கருகருவென்று இருந்தன. பூ வைக்கத் தொடங்கியது. அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு கொழுந்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். அவர் ஒன்றும் சொல்லாமல் போவது அம்மாவுக்குப் போதுமானதாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் ஆத்தூரில் இருந்த பெரியம்மா கிணற்றுப் படியில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, திண்டுக்கல்லில் ஆப்பரேஷன் செய்து படுக்கையில் போட்டுவிட்டார்கள். கூட இருந்து பார்க்கப் பெண் ஆள் இல்லை. அம்மா போகத்தான் வேண்டும். போகிற அன்று காலையில், துணிப்பையை ஒரு கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மைத் தட்டிக் காட்டி என்னிடம் சொன்னாள்:

"பாப்பா, அஞ்சு நாளைக்கு ஒருக்க. ஒரு சொம்புக் கரைசலுக்குப் பத்துச் சொம்புத் தண்ணி. மேலாக்க அடிச்சா போதாது, இலைக்கு அடியில அடி. பூச்சி அங்கனதேன் குடியிருக்கும். காய் பிடிக்கிற நேரம். இப்ப விட்டா விட்டதுதேன்."

"சரிம்மா."

"உங்கப்பாகிட்ட விட்டா கடை மருந்த அடிச்சாலும் அடிச்சிருவாரு. உன்ன நம்பித்தேன் போறேன்."

இந்த வாக்கியத்தை எழுதும்போது இப்போதும் பேனா நிற்கிறது.

முதல் தடவை ஒழுங்காக அடித்தேன். நாலு பாத்தியும் முடித்து வீட்டுக்கு வந்து, சோப்பு போட்டு, சீயக்காய் போட்டு, மறுபடி சோப்பு போட்டுக் குளித்தேன். மறுநாள் பள்ளிக்கூடத்தில் முதல் பீரியடிலேயே என் பக்கத்தில் உட்காரும் பிரேமா பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்துவிட்டாள். எதற்கென்று எனக்குப் புரியவில்லை. மத்தியானம் சோற்று டப்பாவைத் திறந்துகொண்டு வட்டமாக உட்கார்ந்தபோது அவள்தான் சொன்னாள்: "ஜோதி வந்தா கூடவே மாட்டுக் கொட்டமும் வருதுடி." எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி என் தலையில் முகர்ந்து பார்த்துவிட்டு, "ஏ, நெசமாத்தேன்!" என்று கத்தினாள். சாயங்காலத்துக்குள் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. "கோமியம்." ஆண்பிள்ளைகளின் வரிசை வரைக்கும் அது போய்ச் சேர்ந்தது. கரும்பலகையின் மூலையில் யாரோ அதைச் சின்னதாக எழுதிவைத்தார்கள். வாத்தியார் அதைப் பார்த்தார், சிரித்தார், அழித்தார்.

இதெல்லாம் ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். இன்றைக்கு எனக்கே அது காரணமாகத் தெரியவில்லை. ஆனால் பன்னிரண்டு வயதில், காலையில் எழுந்து தலை வாரும்போதே பின்னலை முகர்ந்து முகர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது என்றால் அதைவிடப் பெரிய காரணம் உலகத்தில் வேறு என்ன இருக்க முடியும்?

இரண்டாம் தடவை வந்தது. ஒரு சொம்புக் கரைசலை மொண்டேன். அதை வாளியில் ஊற்றாமல், கையை நீட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டு, வேலி ஓரத்தில் கருவேல மரத்துக்குப் பின்னால் இருந்த பள்ளத்தில் ஊற்றினேன். பம்பில் வெறும் தண்ணீரை நிரப்பி, பாத்தியின் ஓரத்துச் செடிகளுக்கு நாலு பீச்சு பீச்சிவிட்டு வந்தேன். பம்பு நனைந்திருந்தது. டிரம்மில் அளவு குறைந்திருந்தது. யார் பார்த்தாலும் அடித்ததாகத்தான் தெரியும். பொய்யைச் சரியாகச் செய்ய வேண்டும் என்று அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது என்பது இன்றைக்கும் என்னை உறுத்துகிறது. வெறுமனே அடிக்காமல் விட்டிருந்தால் டிரம்மாவது காட்டிக் கொடுத்திருக்கும்.

மூன்றாம் தடவையும் அப்படித்தான். நான்காம் தடவை அன்று அப்பா தோட்டத்திலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டே கேட்டார்: "பாப்பா, படிக்கிற புள்ள, உனக்கு எதுக்கு இந்த வேல? இன்னைக்கு நான் அடிச்சிரட்டுமா? உங்கம்மா கரைசலத்தேன். கடை மருந்து இல்ல."

அவர் கையில் பம்பைக் கொடுத்திருந்தால் போதும். அதற்குள் புழு துளைத்துச் சில கொழுந்துகள் தலை சாய்ந்திருந்தன. அவர் செடி செடியாகக் குனிந்தால் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்தேன். "வேணாம்ப்பா, நான் அடிச்சிட்டேன்" என்றேன். "அடிச்சிட்டியா? கெட்டிக்காரி" என்று என் தலையில் தட்டிவிட்டுப் போனார். அம்மாவுக்குக் கொடுத்த வாக்குப்படி அந்த நாலு பாத்திப் பக்கம் அவர் டேங்கைக் கொண்டுபோகவில்லை; நான் அடிப்பதாக நம்பி, குனிந்தும் பார்க்கவில்லை. நான்காம் தடவைக் கரைசலும் ஐந்தாம் தடவைக் கரைசலும் பள்ளத்துக்குத்தான் போயின.

இருபத்து நான்கு நாள் கழித்து அம்மா மத்தியான பஸ்ஸில் வந்து இறங்கினாள். வீட்டுக்கு வரவில்லை. பையோடு நேராகத் தோட்டத்துக்குப் போய்விட்டாள். நான் சனிக்கிழமை என்பதால் வீட்டில் இருந்தேன். பக்கத்து வீட்டுப் பையன் சொல்லித்தான் தெரிந்தது. போய்ப் பார்த்தபோது அவள் இரண்டாம் பாத்தி நடுவில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் காய்கள். ஒவ்வொன்றாக எடுத்துக் கருக்கரிவாளால் பிளந்துகொண்டிருந்தாள். ஒவ்வொன்றிலும் வெளியே ஊசி குத்தியது போல ஒரு ஓட்டை, உள்ளே கறுத்துப்போன சதை, அதில் நெளிகிற ஒரு வெளிர்ப் புழு. எல்லாம் "சொத்தை". பிளந்ததை வலப்பக்கம் போட்டுவிட்டு அடுத்ததை எடுத்தாள். நல்ல காய் ஒன்று வரும் என்று அவள் தேடுவது எனக்குத் தெரிந்தது.

அப்பா வந்து வரப்பில் நின்றார். கேலி செய்வார் என்று நினைத்தேன். செய்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

"விடு புள்ள" என்றார். "செஞ்சு பாத்தாச்சு. கேக்கல. அதுக்கு என்ன பண்றது."

அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். "பாப்பா, நான் சொன்ன மாதிரி அடிச்சியா?"

ஒரு தடவைதான் கேட்டாள். குரலில் சந்தேகம் இல்லை. எங்கேயாவது ஒரு பிடி கிடைக்குமா என்ற ஆசைதான் இருந்தது. தண்ணி கூடிப்போச்சு என்று சொல்லியிருக்கலாம். ஒரு நாள் மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பாதிப் பொய்யே அவளுக்குப் போதுமாக இருந்திருக்கும். நான் சொன்னது இது:

"அஞ்சு தடவையும் அடிச்சேன்மா. உன் மருந்துதேன் கேக்கல."

அவள் தலையை ஆட்டினாள். மடியில் மிச்சமிருந்த காய்களைப் பிளக்காமலே கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

அன்று சாயங்காலமே அப்பா அந்த நாலு பாத்திக்கும் கடை மருந்து கலக்கினார். அம்மா தடுக்கவில்லை. தன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்துக்கொண்டு போய் அவர் மூக்கையும் வாயையும் சுற்றிப் பின்னால் முடிச்சுப் போட்டுவிட்டாள். பத்து எட்டு நடந்தவர், மூச்சு முட்டுகிறது என்று அதைக் கழுத்துக்கு இறக்கிவிட்டார். அவள் கிணற்று மேட்டில், முதலில் அந்தப் பேச்சுப் பேசிய அதே மேட்டில், அவர் அடித்து முடிக்கும்வரை நின்றாள்.

டிரம்மில் மிச்சமிருந்ததைத் தென்னை மரத்தடியில் கொட்டிக் கழுவி, மாட்டுக்குத் தண்ணி வைக்க எடுத்துக்கொண்டாள். அடுத்த குழுக் கூட்டத்தில் மூன்று பெண்களும் கேட்டபோது, "கேக்கலம்மா. உங்களுக்கு எதுக்கு வீண் வேல" என்று சொன்னாளாம். அவர்கள் யாரும் இலை ஒடிக்கப் போகவில்லை. டவுனிலிருந்து வந்த அந்த அம்மா மறுபடி வந்தபோது என் அம்மா கூட்டத்துக்கே போகவில்லை. எனக்குப் பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாளில் அந்தப் பெயர் மறைந்துபோயிற்று. வேறு ஒருத்தி வகுப்பில் வாந்தி எடுத்தாள். அவளுக்கு வேறு பெயர் வைத்தார்கள். அவ்வளவு சீக்கிரத்தில் தீர்ந்துபோகிற விஷயம் அது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பா அதற்குப் பிறகு பதினோரு வருடம் மருந்து அடித்தார். இன்னும் இரண்டு தடவை வரப்பில் விழுந்தார். கடைசி நான்கு வருடம் கை நடுக்கம் வந்து, சட்டைப் பொத்தானை அம்மாதான் மாட்டிவிடுவாள். டீயை டம்ளரில் பாதி ஊற்றினால்தான் சிந்தாமல் குடிப்பார். நான் படிப்பு முடித்து, திண்டுக்கல்லில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் இறந்துபோனார். ஐம்பத்து மூன்று வயது. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னிடம், "தோட்டத்துக்கு மருந்து அடிக்கிறவரா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுத் தாளில் எதையோ எழுதிக்கொண்டார். அதனால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. அதனால் இல்லை என்றும் சொல்லவில்லை. ரத்தத்தில் இருப்பதை எல்லாம் எண்ணிச் சொல்லும் வேலையில் இருக்கும் எனக்கு, இந்த ஒன்றுக்கு மட்டும் இன்றுவரை பதில் தெரியாது.

அப்பாவுக்குப் பிறகு தோட்டத்தைக் கொஞ்ச வருடம் குத்தகைக்கு விட்டு, பிறகு விற்றுவிட்டோம். அம்மா என்னோடு டவுனுக்கு வந்துவிட்டாள். பேகம்பூர்ப் பக்கம் ஒரு மாடி வீடு, கீழே வீட்டுக்காரர்கள். வீட்டுக்காரப் பெண் மும்தாஜ். கணவர் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்க்கிறார். மும்தாஜுக்கு மாடித் தோட்டத்தில் ஆசை; தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் பைகளில் மிளகாய், தக்காளி, கத்தரி எல்லாம் வைத்திருக்கிறாள். அம்மா காலையில் வெயில் ஏறும்வரை அங்கேதான் இருப்பாள். ஆனால் தண்ணீர் ஊற்றுவாள், களை எடுப்பாள், அவ்வளவுதான்.

சென்ற தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட மாடிக்குப் போனேன். மும்தாஜ் ஒரு கத்தரி இலையைத் திருப்பிக் காட்டி அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பெரியம்மா, வெள்ள வெள்ளயா அப்பிக்கிட்டு இருக்கு பாருங்க. செல்லுல பாத்தேன், பூண்டு, இஞ்சி, பச்ச மிளகா அரைச்சு அடிக்கச் சொல்றாங்க. வேப்பெண்ணெயும் சொல்றாங்க. நீங்க தோட்டக்காரவுங்க, எது நல்லதுன்னு சொல்லுங்களேன்."

அம்மா கையைத் துடைத்துக்கொண்டாள். "எனக்கு அதெல்லாம் தெரியாதும்மா. நான் ஒரு காலத்துல செஞ்சு பாத்தேன். என் கைராசி, கேக்கல. எம்பேச்சக் கேட்டு நீயும் செடியக் கெடுத்துக்காத."

நான் ஈரத் துணியோடு நின்றேன். அவள் இதைச் சொல்லிக்கொண்டே இத்தனை வருடம் வாழ்ந்திருக்கிறாள். கைராசி இல்லாதவள். நாலு பாத்தியைக் கெடுத்தவள்.

மும்தாஜ் கீழே இறங்கிப் போன பிறகு, அம்மா பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பள்ளத்தில் ஊற்றியது, வெறும் தண்ணீர் பீச்சியது, அப்பா தானே அடிக்கிறேன் என்று கேட்டது. எல்லாம். அழுதுகொண்டு சொல்வேன் என்று பல வருடம் நினைத்திருந்தேன், அழுகை வரவில்லை. குற்றப்பத்திரிகை வாசிப்பது போல ஒரே குரலில் சொல்லி முடித்தேன்.

அம்மா என்னைத் திட்டவில்லை. ஏன் இப்படிச் செய்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. அந்தக் கத்தரி இலையை மறுபடி திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"அப்ப, கேட்டிருக்குமா?"

"தெரியலம்மா."

"கேட்டிருக்கும்" என்றாள். அடுத்த நிமிடமே, "யாரு கண்டா" என்றாள்.

இரண்டு நாள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, தோட்டத்தைப் பார்க்க வேண்டும் என்றாள். விற்ற பிறகு அவள் அந்தப் பக்கமே போனதில்லை. அடுத்த ஞாயிறு இருவரும் பஸ் ஏறிப் போனோம்.

மண் சாலை தார்ச் சாலையாகிவிட்டது. தோட்டம் இருந்த இடம் முழுக்க மனைகளாகப் பிரித்து, மஞ்சளும் வெள்ளையும் பூசிய கற்கள் நட்டிருந்தார்கள். கிணற்றை மூடிவிட்டார்கள். வேலி இல்லை, கருவேல மரம் இல்லை, நான் கரைசல் ஊற்றிய பள்ளத்தை நிரப்பி அதன் மேல் ஒரு விளம்பரப் பலகை நிறுத்தியிருந்தார்கள். இன்றைக்கு அந்தக் கரைசலைப் பாட்டிலில் அடைத்துக் கடையில் விற்கிறார்கள். செய்முறை எல்லோர் செல்லிலும் இருக்கிறது. அது அழிந்துபோய்விட்டது என்று நான் சொல்லவில்லை. அந்த வருடம் அந்த நாலு பாத்தியில் அது கேட்டிருக்குமா என்பதைத் தெரிந்துகொள்ள இருந்த மண்ணும், கேட்டால் டேங்கைத் தொட மாட்டேன் என்று சொன்ன மனிதரும்தான் இல்லை.

அம்மா கற்களுக்கு நடுவே நடந்து, கிணறு இருந்த திசையைக் குறிவைத்து எண்ணி எண்ணி எட்டு வைத்து, ஓர் இடத்தில் நின்றாள். நான் அவள் பின்னால் நின்றேன். திரும்பிப் பார்க்காமலே பேசினாள்.

"அன்னைக்கே உங்கப்பாகிட்ட சொல்லிருக்கலாம்ல பாப்பா. ஒரு ஏச்சு ஏசிட்டு, அவரே பம்ப எடுத்துருப்பாரு. அம்புட்டுத்தேன்."

பிறகு, வெயில் ஏறுகிறது, போகலாம் என்றாள். திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்குக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். திண்டுக்கல் வரும்வரை, என்றைக்கோ அப்பாவிடம் வாங்கியிருக்க வேண்டிய அந்த ஒரே ஒரு ஏச்சு எப்படி இருந்திருக்கும் என்று அவருடைய குரலை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். "கெட்டிக்காரி" என்று சொன்ன குரல் மட்டும்தான் வந்தது.